புகழ்ப் பாட்டு: எது கூடும், எது கூடாது?

வாசகர் கேள்வி – பதில்

நபி (ஸல்) பிறந்த மாதமான ரபீயுல் அவ்வல் பிறை தெரிந்ததும் இந்தப் பகுதிக்கு மவ்லிது (நபிப் புகழ் ஓதல்), பைத்து (புகழ்ப் பாட்டு), தஃப் (கைப்பறை) பற்றிய கேள்விகள் வரிசைகட்டி வந்துவிடும். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

நபி (ஸல்) அவர்களைப் புகழ்ந்து பாடுவது கூடுமா, கூடாதா? அண்ணன் வீட்டில் சுப்ஹான மவ்லிது ஓதியே ஆகவேண்டும் என்கிறார். தம்பி அது பித்அத் (மார்க்கத்தில் பின்னால் புகுந்த புதுமை) என்று எழுந்து போய்விடுகிறார். ஒரே வரியில் சொல்லுங்கள்.
– வாசகி, மேலப்பாளையம்

ஒரே வரியில் முடிகிற விஷயம் என்றால் உங்கள் அண்ணனும் தம்பியும் எப்போதோ ஒரே சஹனில் (கூட்டுத் தட்டில்) உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். நபியவர்களைப் புகழ்வதே கூடாது என்று எந்த மத்ஹபும் (மார்க்கச் சட்டப் பிரிவும்) சொல்லவில்லை. அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் (அருளும் சாந்தியும் வேண்டுதல்) சொல்லும்படி குர்ஆனே (33:56) கட்டளையிடுகிறது. சண்டை வேறு இடங்களில் இருக்கிறது. பாட்டின் வாசகம் என்ன சொல்கிறது? கூடவே கருவி ஒலிக்கிறதா, ஒலித்தால் எது? குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட முறையில் ஓதுவதை மார்க்கத்தின் கட்டளைபோல ஆக்கிவிட்டோமா? ஓதுகிற சபையின் நடத்தை எப்படி? இவை தனித்தனிக் கேள்விகள், ஒன்றின் பதில் மற்றொன்றுக்குப் பொருந்தாது. தம்பி பேசுவது மூன்றாவதைப் பற்றி. அண்ணன் காதில் அது "நபியைப் புகழாதே" என்று விழுகிறது.

அந்த மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம். நபித்தோழர்கள் காலத்தில் மீலாது (நபி பிறந்தநாள்) சபை இல்லை என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. ஹிஜ்ரி 600ஐ ஒட்டி இராக்கின் இர்பில் நகர ஆட்சியாளர் முழஃப்பருத்தீன் அதைப் பெரிய அளவில் நடத்தினார். இப்னு திஹ்யா அவருக்காகவே ஒரு மவ்லிது நூல் எழுதினார். 1505இல் மறைந்த இமாம் சுயூத்தி இது நல்ல பித்அத், கூலி (இறைவனிடம் நற்பலன்) உண்டு என்று தனி நூலே எழுதினார். மாலிக்கி அறிஞர் ஃபாகிஹானி அடிப்படையே இல்லாதது என்று மறுத்தார். இப்னு தைமிய்யா பித்அத் என்றார். ஆனால் நபி மீதுள்ள அன்பாலும் நல்ல எண்ணத்தாலும் செய்கிற சிலருக்கு அந்த அன்புக்கும் எண்ணத்துக்கும் கூலி கிடைக்கலாம் என்றும் அதே நூலில் எழுதினார். நம் ஊர் மேடைகளில் முதல் பாதியை ஒரு சாராரும் அடுத்த பாதியை இன்னொரு சாராரும் வாசிப்பார்கள். முழுப் பக்கத்தையும் வாசிக்கிறவர் அபூர்வம்.

வீட்டுக்குச் செய்ய வேண்டியது: ஓதாதவரைக் குற்றவாளியாக்காதீர்கள். ஓதாவிட்டால் வீட்டுக்குக் கெடுதல் வரும் என்ற நினைப்பு யாருக்காவது இருந்தால் அதை முதலில் நீக்குங்கள். அந்த நினைப்பு தவறு என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நபியவர்கள் முன்னிலையிலேயே பாட்டு பாடப்பட்டதற்கு ஆதாரம் உண்டா? "கவிஞர்களை வழிகெட்டவர்களே பின்பற்றுவர்" என்று குர்ஆன் சொல்கிறதே?
– வாசகர், அதிராம்பட்டினம்

அந்த வசனத்தை (26:224) 227 வரை வாசியுங்கள். ஈமான் கொண்டு, நற்செயல் செய்து, அல்லாஹ்வை அதிகம் நினைவுகூர்ந்த கவிஞர்களுக்கு அங்கேயே விலக்கு இருக்கிறது.

ஆதாரம் நிறையவே உண்டு. நபித்தோழர் ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) கவி சொல்வதற்காக மஸ்ஜிதுந் நபவியில் தனி மிம்பர் (மேடை) வைக்கப்பட்டதாக அபூதாவூத், திர்மிதி ஆகிய ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளில் உள்ளது. பிறகு ஒருநாள் உமர் (ரலி), பள்ளிவாசலில் கவி பாடிய ஹஸ்ஸானை முறைத்துப் பார்த்தார்கள். "உங்களைவிடச் சிறந்தவர் இங்கே இருந்தபோதே நான் பாடியவன்" என்று ஹஸ்ஸான் பதில் சொல்லி, அபூஹுரைராவைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அகழ் தோண்டும்போது நபியவர்கள் வயிற்றில் புழுதி படிய மண் சுமந்தபடி, அப்துல்லாஹ் பின் ரவாஹாவின் வரிகளைச் சொல்லி, கடைசிச் சொல்லில் மட்டும் குரலை உயர்த்தினார்கள் என்று பராஉ (ரலி) அறிவிப்பது புகாரி தொகுப்பில் வருகிறது. சேர்ந்து பாடுவது, கடைசிச் சொல்லை இழுத்துச் சொல்வது இரண்டுக்கும் இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

கஅப் பின் ஸுஹைரின் கவிதை இன்னும் சுவையானது. கொலை ஆணைக்கு உள்ளாகியிருந்த மனிதர் மன்னிப்புக் கேட்டு வந்து பாடியது. ஆனால் தொடங்குவது சுஆத் என்ற பெண் பிரிந்துபோன வேதனையில்! அவள் கண், இடை, சிரிப்பு, பிறகு நீண்ட ஒட்டக வருணனை, கடைசியில்தான் நபிப் புகழ். அரபுக் கவி மரபு அப்படி. நபியவர்கள் முழுவதையும் கேட்டார்கள், தம் மேலாடையையே போர்த்தினார்கள் என்பது வரலாற்று நூல்களின் குறிப்பு. காதல் சொல் ஒன்று வந்தாலே பாட்டு ஹராம் என்கிறவர்களுக்கு ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அறிஞர்கள் இதையே எடுத்துக் காட்டுவார்கள்.

எல்லையும் அதே சபையிலேயே வரையப்பட்டது. ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் திருமணத்தில் சிறுமிகள் தஃப் அடித்து, பத்ரில் மாண்ட தம் முன்னோரைப் பாடினார்கள். ஒருத்தி, "நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே இருக்கிறார்" என்றாள். "இதை விடு, முன்பு பாடியதையே பாடு" என்றார்கள் நபியவர்கள் (புகாரி). தஃபை நிறுத்தவில்லை, பாட்டை நிறுத்தவில்லை, ஒரு வரியை மட்டும் எடுத்தார்கள். இந்தப் பகுதியில் நாங்கள் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அளவுகோல் இந்த ஹதீஸ்தான்.

மதரஸா ஆண்டுவிழாவில் பிள்ளைகள் "தலஅல் பத்ரு அலைனா" பாடுகிறார்கள். நபியவர்கள் மக்காவிலிருந்து ஹிஜ்ரத் (இடம்பெயர்ந்து) வந்த நாளில் மதீனாவாசிகள் பாடியது என்று அறிமுகம் செய்கிறார்கள். சரியான செய்தியா?
– ஆசிரியை, கீழக்கரை

பாட்டு சரி, அறிமுகம் பலவீனம். அந்தச் செய்தியை பைஹகீ பதிவுசெய்தாலும், அதை அறிவிக்கும் இப்னு ஆயிஷா மூன்றாம் ஹிஜ்ரி நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்தவர். அவருக்கும் அந்த நாளுக்கும் நடுவே மூன்றோ அதற்கு மேலோ அறிவிப்பாளர்கள் விடுபட்டிருக்கிறார்கள் என்று ஹாஃபிழ் இராக்கி சொல்கிறார். பாட்டில் வரும் "ஸனிய்யத்துல் வதாஃ" கணவாய் மக்கா வழியில் இல்லை, ஷாம் (சிரியா) வழியில் இருக்கிறது என்பது இப்னுல் கய்யிமின் மறுப்பு. தபூக் படையெடுப்பிலிருந்து திரும்பிய நபியவர்களை வரவேற்க அந்தக் கணவாய்க்குச் சிறுவர்களோடு போனதாக ஸாயிப் பின் யஸீத் (ரலி) சொல்வது புகாரியில் இருப்பதால், பாட்டு அந்தச் சமயத்தது என்றார் இப்னுல் கய்யிம்.

"நபியவர்களை வரவேற்றுப் பாடியதாகப் பிரபலமான பாட்டு" என்று அறிமுகத்தை மாற்றிக்கொள்ளுங்கள். வாசகத்தில் யாரும் குறைசொல்ல இடமில்லை. பிள்ளைகள் பாடட்டும்.

நபிப் புகழ்ப் பாடல்களுக்கு இசைக்கருவி சேர்க்கலாமா? தஃப் மட்டும் கூடும் என்கிறார்கள். அதிலும் சலங்கை கோர்த்தது கூடாது என்கிறார் எங்கள் ஊர் ஹஸ்ரத் (மார்க்க அறிஞர்). ஆர்மோனியம், கீபோர்டு எல்லாம்?
– பைத்து சபைச் செயலாளர், காயல்பட்டினம்

நீங்கள் ஷாஃபிஈ மத்ஹப் ஊர்க்காரர் என்பதால் இமாம் நவவியின் 'மின்ஹாஜ்' சொல்வதிலிருந்து தொடங்குவோம். திருமணத்துக்கும் கத்னாவுக்கும் (விருத்தசேதனம்) தஃப் கூடும். மற்றச் சந்தர்ப்பங்களிலும் கூடும் என்பதே வலுவான சொல், சலங்கை இருந்தாலும் சரி. இவ்வளவும் அந்த நூலில் ஒரே மூச்சில் வருகிறது. உங்கள் ஹஸ்ரத் ஹனஃபி நூல்களைப் படித்தவராக இருக்கலாம், அந்த மத்ஹபில் தஃபுக்கே கட்டு அதிகம், சலங்கை இல்லாததைத்தான் அனுமதிக்கிறார்கள். ஆக இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மத்ஹபு வேறு.

அதே இடத்தில் நவவி கூபா என்ற பறையைத் தடுக்கிறார். நீண்டு, நடுவில் இடுப்பு ஒடுங்கிய பறை என்று விளக்கமும் தருகிறார். நம் உடுக்கையின் உருவம் கண்ணில் வருகிறதா? குழலைப் பற்றி அவருக்கும் அவருக்கு முன்னோடியான ராஃபிஈக்கும் கருத்து வேறுபாடு: ராஃபிஈ விட்டுக்கொடுத்தார், நவவி ஹராம் என்றார். நரம்புக் கருவிகளோ நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைச் சொல்படியும் ஹராம். அதற்கு முதன்மையான ஆதாரம் "மஆஸிஃப்" என்ற இசைக்கருவிகளை ஹலாலாக்கிக்கொள்ளும் கூட்டம் பற்றி புகாரியில் வரும் ஹதீஸ். அறிவிப்புத் தொடர் அறுந்தது என்று இப்னு ஹஸ்ம் தள்ளினார். தொடர் இணைந்தே இருக்கிறது என்று இப்னு ஹஜர் நிறுவினார். இப்னு உமர் (ரலி) இடையனின் குழலோசை கேட்டுக் காதைப் பொத்திய சம்பவத்தையும் இரு தரப்பும் எடுத்தாளும். "காதைப் பொத்தினார் பார்" என்பார் ஒருவர். "கூட வந்த நாஃபிஉவிடம் 'இன்னும் கேட்கிறதா' என்றுதானே விசாரித்துக்கொண்டே போனார், அவரைப் பொத்தச் சொல்லவில்லையே" என்பார் மற்றவர்.

கஸ்ஸாலி இமாம் சொல்லும் காரணம் வேறு. நரம்பும் குழலும் தடுக்கப்பட்டது, குடிகாரர் சபையின் அடையாளமாக அவை இருந்ததால் என்பது 'இஹ்யா'வில் அவர் வாதம். நம் காலத்தில் யூசுஃப் கர்ளாவி போன்றோர் இந்த வழியில் போய், வாசகமும் சூழலும் சுத்தமாக இருந்தால் இசை கூடும் என்றார்கள். அல்பானி எதிர்த்திசையில் தனி நூலே எழுதினார். ஆர்மோனியமும் கீபோர்டும் அந்தப் பெருங்கருத்து வேறுபாட்டுக்குள் வருபவை. ஊர்ச் சபைக்கு எங்கள் யோசனை தஃபோடு நிறுத்திக்கொள்வது. அதற்கு உங்கள் மத்ஹபிலேயே இடமிருக்கிறது. கீபோர்டு வந்த நாளிலிருந்து சபையில் பாதிப் பேர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அவர்களும் உங்கள் ஜமாஅத்தார்தானே.

தஃபைப் பற்றி ஒரு தகவல். ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டியதுதான் தஃப். ஆட்டுத்தோல் ஈரக்காற்றில் தொய்ந்து 'தொப் தொப்' என்று ஒலிக்கும், மழைக்காலத்தில் கடலோர ஊர்களில் சொல்லவே வேண்டாம். தணலுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துச் சுற்றிக் காட்டினால் விறைக்கும். கிட்டே கொண்டுபோனால் விளிம்பில் கட்டியிருக்கும் இடம்தான் முதலில் கிழியும். செயற்கைத் தோல் போட்டால் இந்தத் தொல்லை இல்லை, சட்டமும் மாறாது.

புர்தாவில் ஷிர்க் (இறைவனுக்கு இணைவைத்தல்) இருக்கிறது என்று ஒரு பேச்சாளர் சொன்னார். உண்மையா? எந்த வரிகள்?
– கல்லூரி மாணவர், திருச்சி

புர்தா, 13ஆம் நூற்றாண்டு எகிப்தியக் கவிஞர் பூஸிரி எழுதிய நபிப் புகழ்ப் பாடல். பக்கவாதத்தில் விழுந்தவர் இதை இயற்றி, நபியவர்கள் தம்மீது போர்வை போர்த்துவதாகக் கனவு கண்டு குணமடைந்தார் என்பதால் 'போர்வை' என்ற பெயர் நிலைத்தது. ஏறத்தாழ 160 அடிகள், 10 பிரிவுகள். காதல் ஏக்கத்தில் தொடங்கி, மனத்தின் இச்சை பற்றிய எச்சரிக்கை, நபிப் புகழ், பிறப்பு, அற்புதங்கள், குர்ஆன், மிஃராஜ் (விண்ணேற்றம்), போர்கள் என்று போய் மன்னிப்புக் கோரலில் முடியும். இரண்டாம் பிரிவில் வரும் ஒரு அடி உலகப் புகழ் பெற்றது: மனம் பால்குடிக் குழந்தை, விட்டுவிட்டால் பால்மேல் ஆசையோடே வளர்ந்து நிற்கும், மறக்கடித்தால் மறந்துவிடும்.

சர்ச்சை முக்கியமாகக் கடைசிப் பகுதியின் இரண்டு அடிகளில். ஒன்று: "படைப்புகளில் மிகச் சங்கையானவரே, எல்லோரையும் சூழும் அந்த விபத்து வரும்போது உங்களையன்றி நான் ஒதுங்க யாருண்டு?" மற்றது: "இம்மையும் மறுமையும் உங்கள் கொடையில் அடங்கும், லவ்ஹின் (விதி எழுதப்பட்ட பலகை) அறிவும் கலமின் (அதை எழுதிய எழுதுகோல்) அறிவும் உங்கள் அறிவுகளில் அடங்கும்." மறுப்பவர் கேட்பது: ஒதுங்குமிடம் அல்லாஹ் ஒருவன்தானே? லவ்ஹில் உள்ளதை அறிபவன் அவன் மட்டும்தானே? ஓதுபவர் சொல்வது: "சூழும் விபத்து" என்பது மறுமையின் நாள், அன்று எல்லா நபிமாரும் கைவிரித்தபின் மக்கள் ஷஃபாஅத்துக்காக (பரிந்துரை) ஓடிவருவது நபியவர்களிடம்தான் என்று புகாரியிலேயே இருக்கிறது. பூஸிரி மூன்றாம் பிரிவிலேயே வேலி போட்டிருப்பதையும் காட்டுவார்கள்: கிறிஸ்தவர்கள் தம் நபியைப் பற்றிச் சொன்னதை விட்டுவிடு, அதற்குப் பிறகு எப்படிப் புகழ்ந்தாலும் புகழ். இந்த அடி, "மர்யமின் மகனைக் கிறிஸ்தவர்கள் வரம்பு மீறிப் புகழ்ந்ததுபோல் என்னைப் புகழாதீர்கள், நான் அடியான்தான்" என்ற புகாரி ஹதீஸின் எதிரொலி.

எங்கள் கருத்து: முதல் அடிக்கு மறுமை விளக்கம் இயல்பாகவே பொருந்துகிறது. இரண்டாவதற்கு உரையாசிரியர்கள் ரொம்பச் சிரமப்பட்டிருக்கிறார்கள், அந்தச் சிரமமே ஒரு சாட்சி. இரண்டு அடிக்காக 160ஐயும் எறிவது நியாயமில்லை, இரண்டு அடியையும் விளக்காமல் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விப்பதும் நியாயமில்லை. மனம் ஒப்பாதவர் அந்த அடிகளைத் தாண்டி ஓதலாம். ருபைய்யிஃ ஹதீஸ் காட்டும் வழி அதுதான். இன்னொன்று: ஒவ்வோர் அடிக்குப் பின்னும் நாம் சேர்ந்து சொல்லும் "மவ்லாய ஸல்லி வஸல்லிம்" பூஸிரியின் 160இல் சேராது, ஓதுவோர் சேர்த்துக்கொண்ட ஸலவாத்து.

குத்பிய்யத்தில் முஹ்யித்தீன் ஆண்டகையின் பெயரை ஆயிரம் முறை அழைக்கிறோம். இதுவும் புர்தா மாதிரிதானா?
– வாசகர், நாகூர்

இல்லை, இது கனமானது. காயல்பட்டினத்து சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் இயற்றியதாக வழங்கும் அரபுப் பாடலில், தனித்திருந்து என் பெயரை ஆயிரம் முறை அழைத்தால் விரைந்து பதில் தருவேன் என்று முஹ்யித்தீன் ஆண்டகை எனப்படும் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) சொல்வதாக வரி இருக்கிறது. 1166இல் மறைந்த ஒருவரை நேரடியாக அழைப்பது இது. அல்லாஹ்விடம் கேட்கும்போது ஒருவரின் பொருட்டால் கேட்பது வஸீலா. அதற்குக் கண்பார்வை இழந்தவரின் ஹதீஸ் (திர்மிதி) ஆதாரம் என்று ஷாஃபிஈ அறிஞர் பலரும் ஏற்கிறார்கள். அவரையே அழைத்துக் கேட்பது இஸ்திகாஸா. அனுமதிப்பவர்களும் ஒரு நிபந்தனை போடுகிறார்கள்: தருபவன் அல்லாஹ் மட்டுமே, அழைக்கப்படுபவர் தாமாக எதுவும் செய்ய முடியாதவர் என்ற நம்பிக்கை உறுதியாக இருக்க வேண்டும். மறுப்பவர்கள் நிபந்தனை போட்டாலும் கூடாது என்கிறார்கள்.

அந்த நம்பிக்கை சபையில் உட்கார்ந்திருக்கும் எத்தனை பேருக்கு அந்த நுணுக்கத்தோடு இருக்கிறது என்பதுதான் எங்கள் கவலை. ஜீலானி அவர்களின் மீதான அன்புக்கு அவர்களுக்காக அல்லாஹ்விடம் துஆச் செய்யலாம், வரலாற்றை வாசிக்கலாம். கருத்து வேறுபாடில்லாத வழி கையில் இருக்கும்போது ஆயிரம் முறை அழைப்பில் பிடிவாதம் வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை.

மவ்லிது சபையை ஒழுங்காக நடத்துவது எப்படி? எங்கள் ஊரில் அது கூச்சலாகிவிட்டது.
– முத்தவல்லி, தென்காசி மாவட்டம்

முதலில் நேரக் கணக்கு. மஃரிபுக்கும் (அந்தித் தொழுகை) இஷாவுக்கும் (இரவுத் தொழுகை) நடுவே நம் பகுதியில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான் கிடைக்கும். கடமைத் தொழுகையும் சுன்னத்துத் தொழுகையும் போக ஒரு மணி நேரம் என்று வையுங்கள். புர்தாவின் ஓர் அடிக்கு 12 விநாடி என்றால் 160 அடிக்கு 32 நிமிடம். ஒவ்வோர் அடிக்கும் பின்னால் எல்லோரும் "மவ்லாய" சொன்னால் ஒரு மணி நேரம் தாண்டிவிடும், துஆவுக்கு இடமில்லை. கடைசியில் இஷா பாங்கை இழுத்தடிப்பார்கள், இல்லையென்றால் கடைசி இரண்டு பிரிவுகளை ரயில் வேகத்தில் ஓதித் தள்ளுவார்கள். இரண்டும் தவறு. பிரிவு முடிவில் மட்டும் "மவ்லாய" சொல்லுங்கள், பத்து முறையோடு முடியும். சுப்ஹான மவ்லிதாக இருந்தால் உரைநடையை ஒருவர் ஓத, பைத்தை மட்டும் சபை சேர்ந்து சொல்லட்டும்.

இரண்டாவது, உச்சரிப்பு. கெடுவதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். தமிழ் எழுத்தில் அச்சான புத்தகத்தை வைத்து ஓதினால் மூன்று நான்கு அரபு எழுத்துகள் ஒரே எழுத்தாகிவிடும். இதயம், நாய் இரண்டுமே 'கல்பு' ஆகிவிடுகின்றன: இதயத்துக்கு அடித்தொண்டையில் ஒலிக்க வேண்டிய 'காஃப்', நாய்க்கு மேலண்ணத்தில் ஒலிக்கும் 'காஃப்'. "ஸல்லி" என்பதைக் கனமான 'ஸாது' இல்லாமல் மெல்லிய 'ஸீன்' கொண்டு சொன்னால் அருள்புரிவாய் என்பது ஆறுதல் சொல்வாய் என்று மாறிவிடும். மெட்டுக்காக இழுப்பதும் அப்படியே. "அக்பர்" என்பதை "அக்பார்" என்று இழுத்தால் பறைகள் என்று பொருள் வந்துவிடும் என ஃபிக்ஹ் நூல்கள் எச்சரிக்கின்றன. கருவியே கூடாது என்கிறவரும் ராகம் இழுத்து வாயாலேயே பறை கொண்டுவந்துவிடுகிறார்! ரபீயுல் அவ்வலுக்கு இரண்டு வாரம் முன்பே மதரஸா உஸ்தாது ஒருவரை உட்காரவைத்து, ஒரு நாளைக்கு ஒரு பிரிவு திருத்தி ஓதப் பழகுங்கள்.

மூன்றாவது, ஒலிபெருக்கி. உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்டால் போதும், வெளிக் குழாயை அணைத்துவிடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே தடை போடுகின்றன. பக்கத்து வீட்டு நோயாளியின் உறக்கத்தைக் கெடுத்து ஓதுவதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை. தொழுதுகொண்டிருப்பவர் பக்கத்தில் இருந்தால் குர்ஆனையே சத்தமாக ஓதக்கூடாது.

தபர்ருக் (அருள் நாடிக் கொடுக்கும்) சோறு பங்கிடும்போது நடக்கும் தள்ளுமுள்ளு பற்றி எழுதியிருந்தீர்கள். சீட்டுக் கொடுங்கள், வேறு மருந்து இல்லை.

சினிமாப் பாட்டு மெட்டில் நபிப் புகழ் எழுதிப் பாடுகிறார்கள். கூடுமா?
– வாசகி, இளையான்குடி

மெட்டு யாருடைய சொத்தும் இல்லை என்பது சரிதான். காயல்பட்டினத்துக் காசிம் புலவர், அருணகிரிநாதரின் சந்தத்தில் நபியவர்கள் மீது திருப்புகழ் பாடினார். ஆலிம்களும் அதைப் போற்றினார்கள். ஆனால் சந்தம் வேறு, நேற்று வந்த படத்தின் மெட்டு வேறு. அந்த மெட்டைக் கேட்டவுடன் கேட்பவர் மனத்தில் ஆடும் காட்சி எதுவோ, அதன்மேல்தான் நீங்கள் ஸலவாத்தை வைக்கிறீர்கள். ஹராம் என்று அடித்துச் சொல்லமாட்டோம். அருவருப்பானது, தவிர்க்க வேண்டியது. நாட்டில் மெட்டுக்கா பஞ்சம்?

இசையே இல்லாமல் குரல் மட்டும் என்று போட்டு நஷீத் (இஸ்லாமியப் பாட்டு) வருகிறது. கேட்டால் வயலின், டிரம்ஸ் எல்லாம் இருக்கிற மாதிரியே இருக்கிறது. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா?
– தாய், சென்னை

குரலையே பதிவுசெய்து, கணினியில் அடுக்கி, கனத்தையும் நீளத்தையும் மாற்றி வயலின்போல ஒலிக்கச் செய்கிறார்கள். வாயால் டிரம்ஸ் அடிப்பதும் உண்டு. தடை கருவிக்கா, ஒலிக்கா என்பதில் இக்கால அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள். கருவி என்பவருக்கு இது கூடும். காதில் விழும் ஒலிதான் என்பவருக்கு இதுவும் அதுவும் ஒன்றே. எதிரொலி சேர்ப்பது, சுருதி பிசகைத் திருத்துவது போன்றவற்றை இதில் சேர்க்க வேண்டாம், அவை குரலாகவேதான் இருக்கின்றன. எளிய சோதனை: கண்ணை மூடிக் கேளுங்கள். மனிதக் குரல் என்று தெரிந்தால் போடுங்கள், கருவி என்றே தோன்றினால் நீங்கள் கருவிக்குச் சொல்லும் சட்டத்தையே இதற்கும் சொல்லுங்கள்.

பெரியவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1977இல் இஸ்லாத்தை ஏற்ற ஆங்கிலப் பாடகர் யூசுஃப் இஸ்லாம் கிட்டாரைக் கீழே வைத்தார். பல ஆண்டுகள் குரலும் பறையும் மட்டும் கொண்டு நஷீத் தந்தார். 2006இல் மறுபடியும் கிட்டாரோடு தொகுப்பு வெளியிட்டார். இரண்டு நிலைக்கும் ஃபத்வா கிடைக்கும் என்பதே இந்த விஷயத்தின் நிலவரம்.

பெண்கள் மவ்லிது ஓதலாமா?
– வாசகி, காயல்பட்டினம்

பெண்கள் மட்டும் கூடும் சபையில் தாராளமாக. உங்கள் ஊர்ப் பெண்கள் தைக்காக்களில் நடப்பது அதுதானே. பெண்ணின் குரல் அவ்ரத் (அந்நியரிடம் மறைக்க வேண்டியது) இல்லை என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல். ஆனாலும் குழைந்து பேசுவதை 33:32 வசனம் தடுப்பதால், அந்நிய ஆண்கள் கேட்க ராகம் போட்டு ஓதுவதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஓதுவதைப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது பெண்கள் சபை ஆகாது.

டெல்லி தர்காக்களில் கவ்வாலி நடக்கிறது. பெரிய அவ்லியாக்களே (இறைநேசர்கள்) கேட்டிருக்கிறார்களே, நாம் ஏன் கேட்கக்கூடாது?
– வாசகர், வேலூர்

நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) ஸமா (சூஃபிகளின் பாட்டுச் சபை) கேட்டார்கள் என்பது உண்மை. அதற்காகச் சுல்தான் கியாஸுத்தீன் துக்ளக் அவையில் விசாரணைக்கே அழைக்கப்பட்டார்கள். அவர்கள் வைத்த நிபந்தனைகளை மட்டும் யாரும் சொல்வதில்லை. பாடுபவர் வளர்ந்த ஆணாக இருக்க வேண்டும், சிறுவனோ பெண்ணோ கூடாது. கேட்பவர் அல்லாஹ்வின் நினைவில் இருக்க வேண்டும். பாடப்படுவதில் ஆபாசமும் கேலியும் கூடாது. யாழ், ரபாப் போன்ற கருவிகள் இருக்கக் கூடாது. இப்போது ஆர்மோனியமும் தபலாவும் முழங்க, நோட்டை வீசி எறியும் சபையை அவர்கள் பெயரால் நியாயப்படுத்த முடியாது. கேட்பதென்றால் உங்கள் மத்ஹபைக் கேட்டுக் கேளுங்கள், அவ்லியாக்களைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

முன்னோர் ஒருவர் மவ்லிது ஓதிச் சோறு கொடுக்கத் தோப்பு ஒன்றை வக்ஃபு (அறக்கொடை) செய்திருக்கிறார். புதிய நிர்வாகம் மவ்லிதை நிறுத்திவிட்டு வருமானத்தைப் பள்ளிக்கு வண்ணம் அடிக்கச் செலவிட்டது. சரியா?
– ஜமாஅத்தார், தஞ்சை மாவட்டம்

வக்ஃபு செய்தவரின் நிபந்தனை மார்க்க வாசகம்போல மதிக்கப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹின் விதி. நிபந்தனை பாவமான காரியத்துக்காக இருந்தால் மட்டுமே அது செல்லாது. மவ்லிது பாவமா இல்லையா என்பதே கருத்து வேறுபாடாக இருக்கும்போது, தேர்தலில் ஜெயித்த ஒரே காரணத்துக்காக நிர்வாகம் தன் கருத்தைப் பத்திரத்தின்மேல் ஏற்ற முடியாது. முதலில் மூலப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். பல பத்திரங்களில் "ஓதி, ஏழைகளுக்கு அன்னதானம் செய்ய" என்று இரண்டு காரியம் இருக்கும். ஓதுவதில் சண்டை என்றால் சோற்றையாவது நிறுத்தாமல் கொடுக்கலாம், அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஓதும் வாசகத்தில் ஆட்சேபமான அடிகளை விட்டு, சீராவும் (நபி வரலாறு) ஸலவாத்தும் கொண்ட பகுதிகளை ஓதி நிபந்தனையை நிறைவேற்றவும் வழி உண்டு. வண்ணத்துக்குச் செலவான தொகையைப் பொது நிதியிலிருந்து தோப்புக் கணக்குக்குத் திருப்பி வரவு வைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பத்திர நகலோடு வக்ஃபு வாரியத்துக்கு எழுதுங்கள்.